வக்கீல் சி.எஸ். கோட்டையில் இருந்த பத்து வருஷம்: கேள்வி பதில்

உடுமலை, பொள்ளாச்சி கோர்ட்டுகளில் முப்பது வருஷத்துக்கு மேல் வழக்காடியவள் நான். எங்கள் தோட்டம் பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டப் பாசனத்தில் கடைமடை. சி.எஸ். என்கிற சி.சுப்பிரமணியத்தைப் பற்றிப் பல பேர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

காங்கேயத்திலிருந்து ஒரு தம்பி: அக்கா, சி.எஸ்.னாலே எல்லாரும் பசுமைப் புரட்சியத்தான் சொல்றாங்க. அதுக்கு முன்னால என்ன பண்ணிட்டிருந்தாருங்க?

நம்ம சீமைக்கு ஆக வேண்டியதெல்லாம் அதுக்கு முன்னாலதான் ஆச்சு, கண்ணு. அவர் டெல்லி போனது 1962ல். அதற்கு முந்தைய பத்து வருஷத்தை யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

1910 ஜனவரி 30ல், பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தார். மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜில் பௌதிகம் படித்தார், அப்புறம் சட்டம். 1936ல் கோவையில் வக்கீல் தொழில். 1942ல் ஜெயில். அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினர். 1952 முதல் 1962 வரை சென்னை சட்டமன்றத்தில் இருந்தார். நிதி, கல்வி, சட்டம் எல்லாம் அவர் கையில் இருந்த காலம் அது.

ஈரோட்டிலிருந்து: அவர் ராஜாஜி ஆளுங்களே, காமராஜர் எப்படிங்கம்மா மந்திரியா வெச்சிக்கிட்டார்?

1954ல் ராஜாஜி விலகியதும் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குப் போட்டி. காமராஜரை எதிர்த்து நின்றவரே சி.எஸ்.தான். காமராஜருக்கு 93 ஓட்டு, இவருக்கு 41. தோற்றவரையும், அவருக்குத் துணை நின்ற பக்தவத்சலத்தையும் காமராஜர் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். அது காமராஜரின் பெரிய மனசு. சி.எஸ்.ஸும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் வேலை பார்த்தார்.

அந்த வருஷம் மே மாதமே, பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த, குலக்கல்வித் திட்டம் என்று ஊரே எதிர்த்த திட்டத்தைக் கைவிடுவதாகக் கல்வி மந்திரியாக அவர்தான் அறிவித்தார். அந்தத் திட்டம் வந்தபோது ராஜாஜி மந்திரிசபையில் இருந்தவரும் அவரே. நிறம் மாறினார் என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். எடுத்த முடிவை மாற்றும்போது சபையில் நின்று வாய்விட்டுச் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

தாராபுரத்திலிருந்து, சட்டம் படிக்கும் ஒரு பெண்: அவர் கொண்டுவந்த சட்டத்துல உங்களுக்குப் பெருசாப் படறது எதுங்க மேடம்?

1956ல் வந்த ஆட்சிமொழிச் சட்டம், சாமி. தமிழை ஆட்சிமொழியாக்கிய அந்த மசோதாவை முன்னின்று நிறைவேற்றியவர் சி.எஸ். பின்னாளில் அதே சட்டத்தில் சேர்த்த திருத்தத்தால்தான் கீழ்க்கோர்ட்டுகளில் தமிழ் வந்தது.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பாத்தியதை வழக்கு. வண்டித்தடம் தகராறு. கட்சிக்காரம்மாவுக்கு அறுபது வயசிருக்கும், மூணாவது வரைக்கும் படித்தவர். தீர்ப்பு நகல் வந்ததும் கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, அவரே வாசித்தார். "வாதி" என்கிற இடத்தில் நிறுத்தி, "இது நான்தானுங்களே?" என்று கேட்டார். சி.எஸ். பெயர் அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்கு அவர் ஞாபகம் வந்தது.

கோபியிலிருந்து: எங்க ஊர்ல தோத்தாராமே?

ஆமாங்க. 1967 நாடாளுமன்றத் தேர்தலில் கோபிசெட்டிபாளையத்தில் நின்று தோற்றார். மத்திய உணவு மந்திரியாகப் பசுமைப் புரட்சிக்கு மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை இறக்கியதற்கு அடுத்த வருஷம் அது. 1965ல் இந்திப் பிரச்சினையில் ஓ.வி.அளகேசனோடு சேர்ந்து மத்திய மந்திரி பதவிக்கு ராஜினாமா கடிதம் கொடுத்ததும் ஓட்டாகவில்லை. அன்றைக்கு அடித்த தி.மு.க. அலை அப்படி. 1971ல் கிருஷ்ணகிரியில் ஜெயித்தார். 1998ல் பாரத ரத்னா, 2000 நவம்பரில் காலமானார்.

திருப்பூரிலிருந்து: கொங்குல இவரு மாதிரி சட்டம் படிச்சு சட்டசபைக்குப் போனவங்க வேற யாருங்க?

உங்கள் ஊர்க்காரரே இருக்கிறாரே, தி.சு.அவினாசிலிங்கம். அவரும் வக்கீல்தான். 1946ல் கல்வி மந்திரியானார். தமிழ்க் கலைக்களஞ்சியம் அவர் போட்ட விதை. அதற்கும் முன்னால் குமாரமங்கலம் ப.சுப்பராயன், 1926ல் மாகாணத்துக்கே முதல் மந்திரி. இவர்களைப் பற்றித் தனியாக ஒருநாள் எழுத வேண்டும்.

பல்லடம் பக்கமிருந்து ஓர் அம்மா: பி.ஏ.பி.ய அவர்தான் கொண்டுவந்தாருங்களா? எங்களுக்கு ஏன் வருஷா வருஷம் தண்ணி வர்றதில்லைங்க?

ஒருத்தர் மட்டும் கொண்டுவரவில்லைங்க. காமராஜர் இருந்தார், பொள்ளாச்சி நா.மகாலிங்கம் எம்.எல்.ஏ.வாக இருந்து விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார், வி.கே.பழனிசாமிக் கவுண்டர் பாடுபட்டார். கஜானா சாவி சி.எஸ். கையில் இருந்ததும் நம் அதிர்ஷ்டம்.

மேற்கே ஓடி கடலுக்குப் போகிற ஆனைமலையாறு, சோலையாறு, நீராறு, பரம்பிக்குளம் இவற்றையெல்லாம் மலையைக் குடைந்து கிழக்கே திருப்ப வேண்டும். அணைகள் பல கேரளத்து மண்ணில். அங்கே அப்போது ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் ஆட்சி. காங்கிரஸும் கம்யூனிஸ்டும் உட்கார்ந்து பேசி உடன்பட்டார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்: கையெழுத்தானது 1970 மே மாதம், நடைமுறைக்கு வந்த தேதியோ 1958 நவம்பர் 9 என்று போட்டிருக்கும். பன்னிரண்டு வருஷம், கையெழுத்தான பத்திரம் இல்லாமலே, பேச்சை நம்பி அணை கட்டியிருக்கிறார்கள். வக்கீலாக எனக்கு அது நினைத்துப் பார்க்கவே நடுக்கமாக இருக்கும். இன்றைக்கு எந்த ரெண்டு மாநிலம் அப்படிச் செய்யும்?

உங்கள் ரெண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆயக்கட்டு, அதாவது இந்தப் பாசனத்துக்கு உட்பட்ட நிலம், மூன்றே முக்கால் லட்சம் ஏக்கருக்கு மேல் போய்விட்டது. அத்தனைக்கும் ஒரே சமயத்தில் விடத் தண்ணீர் கிடையாது. அதனால்தான் நாலு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். சர்க்கார்பதியிலிருந்து திருமூர்த்தி அணை வரை 49 கிலோமீட்டர், மலையோரமாகவே வரும் காண்டூர் கால்வாய் வழியாகத்தான் தண்ணீர் வந்து சேர வேண்டும். எங்கள் முறை வந்தபோது ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச்சோடு மடையில் நின்றிருக்கிறேன். முதலில் சருகு வரும், அப்புறம் நுரை, அதுக்குப் பின்னால்தான் தண்ணி. உங்கள் மண்டலத்துக்கு எப்போது திறப்பு என்று பாசன சபைத் தலைவரிடம் கேட்டு வையுங்கள். வாய்க்காலை இப்போதே தூர் வாரிவிடுங்கள்.