பழைய ராணுவ லாரியை முழுமையாகப் புதுப்பிக்கப் பட்டறையிடம் ஒப்படைக்கலாமா?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜி.எம்.சி. நிறுவனம் தயாரித்த சி.சி.கே.டபிள்யூ. என்ற ராணுவ லாரி ஒன்றை அமெரிக்காவில் வாங்கியிருப்பதாகவும், அதைத் தொழில்முறைப் பட்டறையிடம் கொடுத்துப் புதுப்பிப்பது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம், ஆனால் அவர்கள் அடித்த பெயிண்டைப் பார்த்துப் பட்டறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதே சி.சி.கே.டபிள்யூ. வகை லாரியைப் பென்சில்வேனியாவில் வைத்திருப்பவன், அதன் எஞ்சினையும் பிரேக்கையும் பட்டறையிடம் கொடுத்து மற்ற வேலைகளை வீட்டிலேயே செய்துகொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

1941 முதல் 1945 வரை இந்த லாரிகள் ஐந்து லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்டன என்பதால் உதிரிபாகங்கள் இன்றும் ஓரளவு கிடைக்கின்றன. ஆயினும் ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தும் என்று நம்பிவிட முடியாது. சக்கரங்களை இணைக்கும் அச்சான ஆக்சில், சில லாரிகளில் ஒரே கூடாக அமைந்த பான்ஜோ வகையாகவும், சிலவற்றில் இரண்டு பாதிகளாகப் பிரியும் டிம்கன் நிறுவனத்தின் ஸ்பிளிட் வகையாகவும் இருக்கிறது. தொலைபேசியில் முதன்முறை பேசும்போதே உங்களுடையது இவற்றில் எது என்று விசாரிக்கிற, இந்த லாரிக்கான அமெரிக்க ராணுவத்தின் டி.எம். 9-801 கையேட்டைக் கைவசம் வைத்திருக்கிற பட்டறைக்கு இந்த வண்டியைத் தெரியும் என்று கொள்ளலாம். பந்தயக் கார்களையும் சொகுசுக் கார்களையும் மட்டுமே புதுப்பித்துப் பழகியவர்கள், மங்கலாக இருக்க வேண்டிய ஆலிவ் பச்சையைப் பளபளப்பாக்கி, லாரியைக் கல்யாண ஊர்வலத்துக்குக் கிளம்பியது போல ஆக்கிவிடுவார்கள். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஒரே வண்டிக்கு உரியவையாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் இங்கே வீண். ராணுவப் பணிமனைகளே எஞ்சின்களைத் தாராளமாக மாற்றிப் பொருத்தியிருக்கின்றன.

பணத்தைப் பொறுத்தவரை, வண்டியைக் கழற்றிப் பார்க்கும் முன்பே முழு வேலைக்கும் ஒரே தொகை சொல்பவரை நான் நம்பமாட்டேன். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து சிலிண்டர் பிளாக்கில் விரிசல் விழுந்திருந்தால், அது பெரும்பாலும் அழுத்தச் சோதனையில்தான் தெரியவரும். அந்த ஒரு விரிசலே முழுக் கணக்கையும் மாற்றிவிடும். ஆகவே முதல் ஒப்பந்தத்தைக் கழற்றுவதற்கும் ஆய்வு செய்வதற்கும் மட்டும் போடுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போது படம் எடுத்து, சீட்டுக் கட்டிப் பையில் வைத்து, எதைப் பழுதுபார்க்கலாம், எதை மாற்ற வேண்டும் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். அதன் பிறகே மணிக்கணக்குக் கூலியையும், உங்கள் சம்மதமின்றித் தாண்டக் கூடாத உச்சவரம்பையும் பேசி, கட்டம் கட்டமாகப் பணம் கொடுப்பது நல்லது. கூலி பாக்கி இருந்தால் வண்டியைப் பிடித்துவைத்துக்கொள்ளும் உரிமையை அமெரிக்க மாநிலச் சட்டங்கள் பட்டறைக்குத் தருகின்றன என்பதால், கணக்கில் தகராறு முற்றினால் லாரி அவர்கள் கொட்டகையிலேயே நின்றுவிடும். முழுப் புதுப்பித்தலுக்கு ஆகும் செலவை விற்கும்போது திரும்ப எடுப்பது அரிது. லாபம் கருதி இதில் இறங்க வேண்டாம்.

எல்லாவற்றையும் வெளியே கொடுக்க வசதியில்லையென்றால், பிரேக்கையும் சக்கரத்தையும் மட்டுமாவது கொடுத்துவிடுங்கள். சரக்கில்லாமலே நான்கு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி இது. பிரேக் மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் வெற்றிட பூஸ்டர், சக்கர சிலிண்டர்கள், குழாய்கள் அனைத்தும் புதிதாகவோ முழுமையாகச் செப்பனிடப்பட்டோ இருக்க வேண்டும். நீண்ட நாள் நிற்கும் வண்டிக்கு ஈரத்தை உறிஞ்சாத சிலிக்கோன் பிரேக் திரவத்தைப் பலர் விரும்புகிறார்கள்; அதைப் பழைய திரவத்தோடு கலக்கக் கூடாது. டயரைப் பிடித்து நிற்கும் பூட்டு வளையம் துருப்பிடித்திருந்தால், காற்றடிக்கும்போது தெறித்து ஆளையே கொல்லக்கூடும். காற்றடிக்கும்போது சக்கரத்தை உள்ளே வைக்கும் பாதுகாப்புக் கூண்டு இல்லாத பட்டறையில் அந்தச் சக்கரங்களை இறக்கவே இறக்காதீர்கள்.