பனிக்கட்டி மிருதுவானதுதானே, அது எப்படி மலையைக் குடையும்?

நியாயமான கேள்விதான். வெறும் பனிக்கட்டியைக் கருங்கல்லில் தேய்த்தால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது, பனிதான் கரையும். நானும் பள்ளியில் சர்க்கு (பனி குடைந்த கிண்ணம் போன்ற பள்ளம்), மொரைன் (பனி கொண்டுவந்து குவித்த கல்மேடு) என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியதோடு சரி, விஷயம் புரிந்தது கலிபோர்னியாவில் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போனபோதுதான்.

அங்கே மலைமேல் துவாலமி மெடோஸ் என்று ஓர் இடம். அங்குள்ள கருங்கல் சரிவுகளில் கை வைத்தால், புதிதாக பாலிஷ் போட்ட கல்யாண மண்டபத் தரை மாதிரி வழவழவென்று இருக்கிறது (செருப்பு வழுக்கி, கடைசியில் உட்கார்ந்தபடியே இறங்கினேன்). குனிந்து பார்த்தால் அந்தப் பளபளப்பின் மேல் ஒரே திசையில் நீள நீளமாகக் கீறல்கள். பனியாற்றின் (மலைச்சரிவில் மெல்ல நகரும் பெரிய பனித்திரள்) அடியில் உறைந்து ஒட்டியிருந்த கல்லும் மணலும் செய்த வேலை அது. உப்புத்தாளில் தாளுக்கு என்ன வேலையோ அதுதான் பனிக்கு. கூடவே நூற்றுக்கணக்கான மீட்டர் கனத்தின் அழுத்தம் வேறு. பனி விலகி ஏறக்குறைய 15,000 ஆண்டு ஆகியும் பாலிஷ் போகவில்லை.

இன்னொரு வேலை, பிடுங்குவது. அடியில் உருகிய நீர் பாறை விரிசலுக்குள் இறங்கி மறுபடி உறையும், பனி நகரும்போது பாறையைப் பாளம் பாளமாகப் பெயர்த்துக்கொண்டு போகும். பக்கத்திலுள்ள லெம்பர்ட் டோம் குன்றில் இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்: பனி ஏறி வந்த கிழக்குப் பக்கம் தேய்ந்து சாய்வாக, இறங்கிப் போன மேற்குப் பக்கம் பெயர்ந்து செங்குத்தாக.

கீழே பள்ளத்தாக்கில் ஆறு வெட்டிய 'வி' வடிவத்தைப் பனி 'யு' ஆக்கிவிட்டது. பெரிய பனியாறு ஆழமாகக் குடைந்துகொண்டு போக, பக்கத்து ஓடைகளின் பள்ளத்தாக்கு அந்தரத்தில் நின்றுபோனது. பிரைடல்வெயில் அருவி சுமார் 190 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது அப்படித்தான்.

அதற்காக எல்லாவற்றையும் பனி தலையில் கட்டிவிடக் கூடாது. ஹாஃப் டோம் மலையைப் பனி பாதியாக அறுத்தது என்று அங்கே வருகிற பாதிப் பேர் சொல்வார்கள். அதன் உச்சியைப் பனி மூடவே இல்லை; அந்தச் செங்குத்து முகம் பாறையில் ஏற்கெனவே இருந்த நெட்டு விரிசல்களால் வந்தது. பள்ளத்தாக்குத் தரை அவ்வளவு சமமாக இருப்பதும் பனி சீவியதால் இல்லை. பனி குடைந்த குழியில் ஏரி தேங்கி, வண்டல் நிரம்பித் தூர்ந்துபோன இடம் அது. நாங்கள் சோற்றுப் பொட்டலம் பிரித்த புல்வெளியில் அசல் பாறையைத் தொட வேண்டுமென்றால் சில இடங்களில் 600 மீட்டர் வரை தோண்ட வேண்டியிருக்கும்.