கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்காக வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்காதீர்கள்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். துபாயில் இருக்கும் தாய்மாமன், கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டாராம். மாமா தருவது கொஞ்சம், வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கொஞ்சம், மிச்சத்துக்குக் கல்விக்கடன். மகளோ நாடகம் படிக்கப் போகிறேன் என்கிறாள். நடிக்கக்கூட இல்லை, மேடைக்கு லைட் போட. ‘நாலு பேர் கேட்டால் நான் என்ன சொல்வேன்?’ என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. கடலை நம்பிப் பிழைக்கும் வீட்டில் பிள்ளையாவது மாதச் சம்பளத்தில் உட்காரட்டும் என்று நினைக்காத தாய் இல்லை. ஆனால் அந்தக் கவலைக்கு உங்கள் அண்ணன் சொல்லும் மருந்து தவறு. மீன்பிடித் தடைக்காலம் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில் கிடக்கும் 61 நாளும் உங்கள் வீட்டில் வரவு கிடையாது. வட்டிக்கு அந்தத் தடைக்காலம் கிடையாது. நான்கு வருடப் படிப்பு, விடுதி, சாப்பாடு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். படிப்பு முடிந்து வேலை கிடைக்க ஒரு வருடம் தள்ளினாலே பத்திரம் ஆபத்தில் விழும். நிர்வாக ஒதுக்கீடு உங்களுக்கு வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பொறியியல்தான் என்று அவளே கேட்டால் கலந்தாய்வு இருக்கிறது, அதில் கிடைக்கிற இடத்தில் சேரட்டும். அவள் கேட்கவில்லையே.

நீங்கள் குற்றமாக எழுதியிருக்கும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். தேவாலயப் பங்குத் திருவிழா நாடகத்துக்கு அவள் எண்ணெய் டின்னை வெட்டி ஹாலஜன் விளக்குக்கு மூடி செய்தாள். நீலக் கண்ணாடித்தாளைச் சுற்றினாள். சூட்டில் தாள் சுருங்கிப் புகைந்தது. அடுத்த நாள் கம்பியில் ஒரு சட்டம் கட்டித் தாளை விளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினாள். ‘படிக்கிற நேரத்தில் இந்த வேலை’ என்கிறீர்கள். அம்மா, மேடை விளக்குகளில் வண்ணத்தாளுக்கென்று தனிச் சட்டம் செய்து முன்னால் செருகி வைப்பது இதே காரணத்துக்காகத்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரு தாள் கருகியதைப் பார்த்து அவள் அந்த இடத்துக்கு வந்திருக்கிறாள். இந்தக் கை எங்கே போக வேண்டும் என்று கைகாட்டுகிறதோ, அங்கே போவதற்குப் பாதை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

பாதை இருக்கிறது. நாடகத்தை ஒரு நாடு எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறது என்பது நம் ஊரில் யாரும் சொல்லாத சங்கதி. பிரான்சில் 1680-இல் அரசரே ஆணை போட்டு ஒரு நாடகக் குழுவை நிறுவினார். கொமெடி பிரான்சேஸ் என்ற அந்த அரங்கு இன்றும் நடக்கிறது. செக் மக்கள் ஆஸ்திரிய ஆட்சியின் கீழ் இருந்தபோது, தங்கள் மொழியில் நாடகம் போட ஓர் அரங்கு வேண்டும் என்று ஊர் ஊராகப் பணம் திரட்டிப் பிராகாவில் தேசிய நாடகசாலையைக் கட்டினார்கள். 1881 ஜூனில் திறந்தார்கள். ஆகஸ்டில் தீப்பிடித்து எரிந்தது. நாற்பத்தேழே நாளில் பத்து லட்சம் கில்டர் மறுபடி சேர்ந்தது. 1883-இல் மின்விளக்குகளோடு திறந்தார்கள். தனி நாடு கிடைப்பதற்கு முன்பே மொழிக்கு ஒரு மேடை கட்டிக்கொண்ட மக்கள் அவர்கள்.

நம் நாட்டிலும் கதை இப்படித்தான். 1872 டிசம்பரில் கல்கத்தாவில் நேஷனல் தியேட்டர் என்று பெயர் வைத்து, காசு கொடுத்தால் யாரும் பார்க்கலாம் என்று திறந்த குழு, முதலில் போட்டது அவுரி விவசாயிகள் பட்ட கொடுமையைப் பற்றிய நாடகம். மேடை அரசாங்கத்தை எவ்வளவு உறுத்தியது என்றால் 1876-இல் நாடகங்களைத் தடுக்கத் தனிச்சட்டமே வந்தது. ஸ்காட்லாந்து 2006-இல் தன் தேசிய நாடகக் குழுவைத் தனக்கென்று அரங்கக் கட்டடமே இல்லாமல் தொடங்கியது. ஊர் ஊராகப் போய், கிடைத்த இடத்தில் போடுவது என்று முடிவு. தொடக்க நிகழ்ச்சிகளில் ஒன்று ஷெட்லாந்து தீவில் ஒரு கப்பலுக்குள் நடந்தது. பாம்பன் பாலத்தடியில் வளர்ந்த பெண்ணுக்கு இதைச் சொல்லுங்கள்.

இந்த அரங்குகளில் திரைக்குப் பின்னால் இருக்கும் வேலைகளைப் பாருங்கள். தச்சர், தையற்காரர், வெல்டர், மின்பணியாளர், ஒலி, ஒளி. லண்டன் தேசிய நாடகசாலையின் பெரிய அரங்கில் மேடைக்கு அடியில் ஐந்து மாடி உயரத்துக்கு ஒரு சுழலும் இயந்திரம் இருக்கிறது. அதை ஓட்ட ஆள் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். ஒளியமைப்பாளர் ஒவ்வொரு விளக்கும் எங்கே தொங்க வேண்டும் என்று வரைபடம் போடுகிறார், மின்சுமையைக் கணக்கிடுகிறார், எந்த வசனத்தில் எது மங்க வேண்டும் என்று குறிப்பு எழுதுகிறார். விளக்குகளைக் கட்டுப்படுத்தும் டிஎம்எக்ஸ் என்ற முறையில், ஒரே கம்பித் தொடரில் 512 அலைவரிசைகளுக்குக் கட்டளை போகிறது. அவள் படித்த இயற்பியலும் கம்ப்யூட்டரும் வீணாகப் போகாது. வங்காளத்தில் தாபஸ் சென் என்ற ஒளியமைப்பாளர் இருந்தார். 1959-இல் ஒரு நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறித் தொழிலாளர்கள் மூழ்குவதை வெறும் விளக்கை வைத்தே மேடையில் காட்டினார். கல்கத்தா திரண்டு வந்து பார்த்தது.

இனி படிப்பு. டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. சங்கீத நாடக அகாடமி அதை 1959-இல் தொடங்கியது, 1975-இல் பள்ளி தனி நிறுவனமானது, மத்திய கலாச்சார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. மூன்று ஆண்டு முழுநேரப் படிப்பு. நடிப்பு மட்டும் என்று நினைக்காதீர்கள், அரங்க வடிவமைப்பும் இயக்கமும் தனிப் பிரிவு. மாணவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு, அதாவது காசு கட்டிப் படிக்கிற இடத்துக்குப் பதில் காசு தந்து படிக்க வைக்கிற இடம். சேர ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், சில நாடகங்களில் வேலை செய்த சான்று வேண்டும், ஓரளவு ஹிந்தியும் ஆங்கிலமும் வேண்டும். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. அங்கே கிடைக்காவிட்டால் அதே பள்ளியின் பெங்களூரு மையம் இருக்கிறது. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் இருக்கும் நிகழ்கலைப் பள்ளியில் நாடகத்தில் முதுகலை இருக்கிறது. டெல்லியில் படித்துவிட்டு வந்த சே. இராமானுஜம்தான் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத்துறையில் ஒரு தலைமுறையையே உருவாக்கினார். நம் பக்கத்து ஆட்கள் போகாத வழி இல்லை இது.

ஆகவே இப்போது அவள் சேர வேண்டியது ராமநாதபுரத்தில் அரசு கலைக் கல்லூரி. பாடம் அவள் விருப்பம், என்னைக் கேட்டால் இயற்பியல். பஸ்ஸில் போய் வரலாம். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழும். இந்த மூன்று வருடத்தில் ஹிந்தி பிரசார சபா தேர்வுகளை எழுதட்டும். உங்கள் ஊர் ரேடியோ செட்காரரிடம் விடுமுறையில் வேலை பழகட்டும். மின்சாரத்தில் பயம் வேண்டியது எங்கே, வேண்டாதது எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் போடுகிறபோது அப்பாவோடு போய் விடிய விடியப் பார்க்கட்டும். ராஜபார்ட்டும் பபூனும் ஒரு ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டு ஊரையே ஏழு மணி நேரம் கட்டிப்போடுவது பெரிய பாடம். வேலை செய்த ஒவ்வொரு நாடகத்துக்கும் தேதி, இடம், படம், குழுத் தலைவரின் கையெழுத்து வாங்கி ஒரு கோப்பில் வைக்கட்டும். விண்ணப்பிக்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

பொய் சொல்ல மாட்டேன். இந்தத் துறையில் முதல் சில வருடம் வருமானம் ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. நாடகம் போக இசை நிகழ்ச்சி, சினிமா, அருங்காட்சியகம், பள்ளிகளில் நாடக ஆசிரியர் என்று வேலைகள் உண்டு, ஆனால் தேடித்தான் பிடிக்க வேண்டும். கையில் கடன் இல்லாத பிள்ளையால்தான் அந்த வருடங்களைத் தாக்குப்பிடிக்க முடியும். பத்திரத்தை வெளியே எடுக்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அவளுக்கு நடுவில் மனம் மாறினாலும் பட்டம் கையில் இருக்கும், பி.எட்., போட்டித் தேர்வு எல்லாம் திறந்தே இருக்கும்.

‘பொம்பளப் பிள்ளையைக் கூத்துக்கு அனுப்புகிறாயா’ என்று கேட்பவர்களிடம், அது மத்திய அரசுப் படிப்பு, உதவித்தொகை தருகிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். விடுதி, பாதுகாப்பு பற்றிய பயம் வேறு. அது சரியான பயம். அங்கே இப்போது படிக்கும் தமிழ்ப் பெண்கள் யாரையாவது தேடி, நீங்களே போனில் பேசித் தெரிந்துகொள்ளுங்கள்.

அண்ணனிடம் கோபப்படாதீர்கள். தங்கை மகளுக்காகக் கையில் இருப்பதைக் கொடுக்க வருகிற மனிதர். சீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டாம் என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். உதவியே ஆக வேண்டும் என்றால் ஒரு நல்ல லேப்டாப் வாங்கித் தரட்டும், ஒளியமைப்பு வரைபடம் போட்டுப் பழக அவளுக்கு அது தேவைப்படும். மூன்று வருடம் கழித்து நேர்முகத்துக்கு அவளும் நீங்களும் டெல்லி போய்வர ரயில் செலவை இப்போதே தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.