யாருக்காவது உதவும்ல

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2020 மார்ச் வரை என்னிடம் இருந்தது பட்டன் போன்தான். ஊரடங்கில் பேத்தியின் ஆன்லைன் வகுப்புக்காக மகன் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினான். பள்ளி திறந்ததும் அது எங்கள் கைக்கு வந்துவிட்டது. இப்போது ராத்திரி பன்னிரண்டு வரை எதையாவது பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனைவி பதினான்கு வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறாள். காலையில் காபி குடிப்பதற்குள் இருபது செய்தியாவது அனுப்பிவிடுகிறாள். பாதி பொய் என்று சொன்னால், "யாருக்காவது உதவும்ல, உங்களுக்கு என்ன போச்சு?" என்கிறாள்.

மாஸ்க் போய்விட்டது. வாசலில் வைத்த மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் போய்விட்டன. சானிடைசர் பாட்டில் பரணில் கிடக்கிறது. கொரோனாவோடு வந்த இந்தப் பழக்கம் மட்டும் ஏன் போகவில்லை?

ஆர்., மடிப்பாக்கம்

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

முதலில் உங்கள் கணக்கை முடித்துவிடுகிறேன், அது சுலபம். உங்கள் ரீசார்ஜில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபியோ இரண்டு ஜிபியோ வரும். ராத்திரி பன்னிரண்டு அடித்தால் மிச்சம் இருப்பது போய்விடும். காசு கொடுத்து வாங்கியதை வீணாக விட வங்கிக்காரருக்கு மனசு வருமா? (என் வீட்டிலும் இதே கதைதான்.) போதாக்குறைக்கு, 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தார்கள். ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த வருஷம் அது. கடை திறந்தவர்களுக்கு வாடிக்கையாளரைத் தேடிப் போகிற வேலையே இல்லை.

உங்கள் மனைவி சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது.

2020க்கு முன்னால் என் அம்மா இருந்த குழுக்களில் ரோஜாப்பூ காலை வணக்கம், பிரதோஷம், யாராவது குழந்தையின் பிறந்தநாள், இவ்வளவுதான் வரும். ஒரு செய்தியை அனுப்பினால் யாருக்காவது ஒரு நன்மை நடக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அப்படி நடந்தது உண்மை. படகு எங்கே இருக்கிறது, சாப்பாட்டுப் பொட்டலம் யார் தருகிறார்கள் என்றெல்லாம் பேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் ஓடியது. ஆனால் அதை ஓட்டியவர்கள் பெரும்பாலும் ஆபீஸ் போகிற இளைஞர்கள். அம்மா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் டிரான்சிஸ்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகுதான் வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஸ்மார்ட்போன் நுழைந்தது. வீட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று இல்லை. எங்கள் தெருவில் இஸ்திரி போடுபவருக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு பேருக்கும் காலை பத்து மணிக்கு வகுப்பு, ஒரே போன். ஒரு நாள் அக்கா, மறுநாள் தம்பி. அவரே போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டால் இரண்டு பேருக்கும் லீவு.

அப்படி ஒரு நிலைமையில்தான் கதவெல்லாம் சாத்தினார்கள். 2020 மே 5ஆம் தேதி கோயம்பேடு சந்தையை மூடி, திருமழிசைக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் வண்டிக்கார அண்ணன் காலை ஏழு மணிக்கு அடுக்குமாடிக் குழுவில் வாய்ஸ் மெசேஜ் போடுவார்: "அம்மா, இன்னைக்கு கத்திரிக்கா இருக்கு, தக்காளி பழுத்தது, பீன்ஸ் கேக்காதீங்க." அம்மா அதை எதிர் பிளாக்கில் இருக்கும் தன் தோழிக்கு அனுப்புவாள். அந்தத் தோழிக்கு அன்று காய் கிடைத்தது அம்மா அனுப்பியதால். அனுப்புவது ஒரு காரியமாக ஆனது அங்கேதான்.

வதந்தியும் அதே வழியில்தான் வந்தது. 2020 ஏப்ரல் 7 அன்று, பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்று வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. அம்மா ஒரு வாரம் திணறினாள். அப்புறம் விரலை அழுத்திப் பிடித்து காப்பி எடுத்து ஒட்டக் கற்றுக்கொண்டாள். அறுபத்தெட்டு வயதில் அவள் கற்ற முதல் கணினி வித்தை அது.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மற்றவர்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி இறந்துவிட்டார். அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று சுகாதாரத் துறை சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் பெரியம்மா மூன்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டாள். அவளுக்கு யாரையும் பயமுறுத்தும் எண்ணம் இல்லை. எங்களைக் காப்பாற்றத்தான் அனுப்பினாள்.

பெரியம்மாவைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அதே வருஷம் மே மாதம் நினைவிருக்கிறதா? கொரோனாவுக்குக் கொடுத்த ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் விடிய விடிய வரிசை, பிறகு அந்த விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். படுக்கை வேண்டுமென்றால் ட்விட்டரில் கேளுங்கள் என்று அரசாங்கமே ஒரு கணக்கு திறந்து வைத்திருந்தது. அந்த நாட்களில் போனைக் கீழே வைப்பது பாவம் மாதிரி இருந்தது. எனக்கும் ஒரு செய்தி வந்தது. அம்பத்தூரில் ஒருவரிடம் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது, எண் இது, உடனே பகிரவும். நான் நாற்பது பேருக்காவது அனுப்பியிருப்பேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் எங்கள் உறவினர் ஒருவருக்கு மூச்சுத்திணறல். அதே எண்ணைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "சார், மூணே மூணு சிலிண்டர்தான் இருந்துச்சு, முதல் நாளே கொடுத்துட்டேன். அந்த மெசேஜை மட்டும் யாருக்கும் அனுப்பாதீங்க சார்" என்றார். குரல் முழுக்கக் கம்மியிருந்தது. போனை அணைத்து வைக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். "கூப்பிடறவங்க ரிங் போயிட்டே இருந்தா நம்பிக்கையோட உக்காந்திருப்பாங்க சார். இல்லைன்னு சொன்னா அடுத்த நம்பருக்குப் போவாங்கல்ல" என்றார். நான் அனுப்பிய நாற்பது பேரில் எத்தனை பேர் அவரைக் கூப்பிட்டார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உறவினருக்கு அப்புறம் வேறு வழியில் படுக்கை கிடைத்தது, பிழைத்துக்கொண்டார்.

ஆனால் அதே வாரத்தில் அப்படி அனுப்பிய எண்களால் பிழைத்தவர்களும் உண்டு. எங்கள் மாடியிலேயே ஒருவர் இருக்கிறார். அதுதான் சிக்கல். நூறில் ஒன்று பலித்ததைக் கண்ணால் பார்த்தவர்களிடம் போய், தொண்ணூற்றொன்பது வீண் என்று கணக்குச் சொன்னால் எடுபடாது. மாஸ்க்கைக் கழற்றியபோது நமக்கு விடுதலையாக இருந்தது. இதை நிறுத்தினால் யாரையோ கைவிட்ட மாதிரி இருக்கிறது. உங்கள் மனைவி விடாததற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். வயதான காலத்தில், வீட்டுக்குள் இருந்தபடியே ஊருக்கு உபயோகமாக இருக்கிறோம் என்கிற எண்ணத்தை அந்த போன் கொடுத்திருக்கிறது. "பொய்" என்று நீங்கள் சொல்லும்போது அந்த எண்ணத்தின் மீதுதான் கை வைக்கிறீர்கள். கோபம் வரத்தான் செய்யும்.

அதனால் அம்மாவிடம் உண்மை பொய் பேசுவதை நான் விட்டுவிட்டேன். அம்பத்தூர்க்காரர் கதையை மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். "அந்தப் புள்ள சாப்பிட்டானோ என்னவோ" என்றாள். அதற்குப் பிறகு எண் உள்ள செய்தி எது வந்தாலும், அனுப்பும் முன் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கிறாள். பாட்டி வைத்தியமும் கோயில் படங்களும் முன்போலவே போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அதில் நான் தலையிடுவதில்லை.

போன வாரம் ஒரு குழந்தைக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்று ஒரு செய்தி. தேதி கிடையாது, ஆஸ்பத்திரி பெயர் கிடையாது. அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எண்ணை ஒவ்வொன்றாகப் படித்துத் தன் போனில் அழுத்தினாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதில் வந்தது. இரண்டாம் முறையும் அழுத்தினாள். அதே பதில். அனுப்பவில்லை. சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் திடீரென்று என்னைப் பார்த்து, "அந்தக் குழந்தை இப்போ பெருசாயிருக்கும், இல்ல?" என்றாள்.