கர்ப்பகால வைரஸ் காய்ச்சலும் ரத்தம் உறைதலும்: தில்லி வாசகியரின் கேள்விகளுக்குப் பதில்கள்

ராமகிருஷ்ணபுரம் வாசகி: எனக்கு ஏழாவது மாதம். கோவிட் வந்து வீட்டிலேயே குணமடைந்தேன். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு ரயிலில் சென்னை செல்லலாமா? ரத்தம் கட்டிக்கொள்ளும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. ஆனால் பயணத்தையே கைவிட வேண்டியதில்லை. பிரசவத்தின்போது ரத்தம் அதிகம் வீணாகாமல் இருப்பதற்காகக் கர்ப்பிணியின் உடல் ஃபைப்ரினோஜன் முதலிய உறைபொருள்களைக் கூட்டிக்கொள்கிறது, உறைதலைத் தடுக்கும் புரதம்-எஸ் குறைகிறது, வளரும் கருப்பையோ கால்களிலிருந்து மேலேறும் ரத்தத்தின் வேகத்தைத் தணிக்கிறது. இதனால் சிரைகளில் ரத்தம் கட்டும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட நான்கைந்து மடங்கு அதிகம். கோவிட் ரத்தக் குழாய்களின் உட்சுவரை அழற்சிக்கு உள்ளாக்குவதால் அந்த வாய்ப்பு மேலும் கூடுகிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் அசையாமல் உட்கார்ந்து போவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

காய்ச்சல் லேசாக வந்து போயிருந்து, ரத்த அழுத்தமும் சீராக இருந்தால், உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் காட்டிவிட்டுப் புறப்படலாம். கீழ்ப் படுக்கையைக் கேட்டுப் பெறுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொருமுறை பெட்டிக்குள் நடந்து, கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொள்ளுங்கள். கழிவறைக்குச் செல்லத் தயங்கித் தண்ணீரைக் குறைக்காதீர்கள். மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர்களுக்கும், உடல் பருமன் உள்ளவர்களுக்கும், தமக்கோ குடும்பத்தில் யாருக்கோ முன்பு ரத்தம் கட்டியிருந்தவர்களுக்கும் தடுப்பாக, ரத்தம் கட்டாமல் காக்கும் ஹெப்பாரின் ஊசி தேவைப்படலாம்.

மாலையில் இரண்டு பாதங்களும் வீங்குவது இயல்பு. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலோ தொடையோ வலித்தால் அன்றே, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது பெரும்பாலும் இடது காலில்தான் வருகிறது. ஏனெனில் இடது காலின் சிரை வலப்புறத் தமனிக்கு அடியில் நசுங்கிச் செல்கிறது. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ரத்தம் கலந்த இருமல் ஆகியவை ரத்தக்கட்டி நுரையீரலை அடைந்ததன் அடையாளமாக இருக்கலாம் என்பதால், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

துவாரகா வாசகி: டி-டைமர் அளவு அதிகம் என்று ஆய்வக அறிக்கை வந்துள்ளது.

டி-டைமர் என்பது ரத்தக்கட்டி கரையும்போது உண்டாகும் புரதத் துணுக்கு. ஆரோக்கியமான கர்ப்பத்திலேயே அது மாதந்தோறும் ஏறும். அறிக்கையில் அச்சிட்டிருக்கும் எல்லை கர்ப்பிணிகளுக்குப் பொருந்தாது. அறிகுறி இல்லாதபோது நீங்களாகவே அந்தப் பரிசோதனையைச் செய்துபார்க்க வேண்டாம்.

கரோல் பாக் வாசகி: தினமும் ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொள்கிறேன். குழந்தையைப் பாதிக்குமா?

பாதிக்காது. அதன் மூலக்கூறு பெரிது, நஞ்சுக்கொடியைத் தாண்டாது. தாய்ப்பால் கொடுக்கும்போதும் தொடரலாம். பிரசவ வலி தொடங்கினால் அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவமனைக்குச் சென்று, கடைசியாகப் போட்ட நேரத்தைச் சொல்லுங்கள். தடுப்பு அளவில் போட்டிருந்தால் 12 மணி நேரமும், சிகிச்சை அளவில் போட்டிருந்தால் 24 மணி நேரமும் கழிந்த பிறகே முதுகுத்தண்டில் மயக்க ஊசி போடுவார்கள்.

மயூர் விஹார் வாசகி: ஆறாவது மாதத்தில் டெங்கு. பிளேட்லெட் 80,000. ரத்த அழுத்தத்துக்கு முன்னெச்சரிக்கையாக இரவில் ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். நிலவேம்புக் கஷாயம் குடிக்கலாமா?

கோவிடில் ரத்தம் கட்டுவதற்கு அஞ்சுகிறோம். டெங்குவில் கசிவதற்கு அஞ்சுகிறோம். ஒருவருக்கு உயிர்காத்த மருந்தே இன்னொருவருக்கு ஆபத்தாகலாம் என்பதால், எந்த வைரஸ் என்று தெரியாமல் எதையும் விழுங்கக் கூடாது. ஆஸ்பிரினை எழுதிக்கொடுத்த மருத்துவரை இன்றே தொடர்பு கொள்ளுங்கள். டெங்கு நீடிக்கும்வரை பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகிய வலிநிவாரணிகளும் கூடாது. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டுமே. நிலவேம்பு கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானது என்று நிறுவப்படவில்லை, ஆகவே தவிர்த்துவிடுங்கள்.

பிளேட்லெட் எண்ணிக்கையையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையான ஆபத்து, காய்ச்சல் இறங்கிய பின்வரும் ஓரிரு நாள்களில், ரத்தக் குழாயிலிருந்து நீர்மம் கசிவதால் வருகிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் ரத்தம், சிறுநீர் குறைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் மருத்துவமனையில் சேர வேண்டும். கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறிலும் பிளேட்லெட் சரியக்கூடும். ஆகவே ரத்த அழுத்தத்தையும் கல்லீரல் பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம் என்ற வாசகி: எட்டாவது மாதத்தில் மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுத்தால் போதும் என்கிறார்கள்.

போதாது, தாமதமின்றிப் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாசடைந்த நீரில் பரவும் ஹெபடைட்டிஸ்-இ, கடைசி மூன்று மாதங்களில் உயிரைப் பறிக்கக்கூடியது. உறைபொருள்களில் பெரும்பாலானவற்றைத் தயாரிப்பது கல்லீரல்தான். அது செயலிழந்தால் பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்துவது கடினம். 1955-56இல் யமுனைக் குடிநீரில் கழிவுநீர் கலந்து தில்லியில் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டபோது, கர்ப்பிணிகளையே அது மிகக் கடுமையாகத் தாக்கியது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் புரோத்ராம்பின் நேரப் பரிசோதனையை உடனே கேளுங்கள்.

முனிர்கா வாசகி: காய்ச்சலோடு பிரசவமானது. பத்தியம் என்று மாமியார் தண்ணீரைக் குறைக்கிறார். படுத்தே இருக்கச் சொல்கிறார்.

அவர் அக்கறையில்தான் சொல்கிறார். எனினும் இதை அவரிடமே படித்துக் காட்டுங்கள். ரத்தம் கட்டும் ஆபத்து உச்சத்தை எட்டுவது பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களில், அதிலும் முதல் சில வாரங்களில்தான். காய்ச்சலும் நீரிழப்பும் அசையாத படுக்கையும் அதைக் கூட்டும். தாகத்துக்கு வெந்நீராகவே குடித்தாலும் தாராளமாகக் குடியுங்கள்; வீட்டுக்குள் நடங்கள்; ஹெப்பாரின் எழுதிக்கொடுத்திருந்தால் மருத்துவர் குறித்த நாள்வரை ஓர் ஊசியைக்கூட விடாதீர்கள்.