நரம்பு மண்டலத்தைப் புரிந்துகொண்டு டீமை நடத்த வேண்டும் என்கிறார்களே, நடைமுறையில் அது என்ன? எனக்குக் கீழே எட்டுப் பேர், மீட்டிங்கில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினாறு வருஷமாக இருக்கிறேன், கடைசி ஒன்பது வருஷமாக புரொடக்‌ஷன் மேனேஜர். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து நூற்றிப் பத்துப் பேர் சொச்சம். நரம்பு மண்டலம் பற்றிப் பேச நான் டாக்டர் இல்லை. ஆனால் "ஒருவரும் வாய் திறப்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒன்றுக்கு நான் நல்ல விலை கொடுத்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

மேனேஜரான இரண்டாவது வருஷம். ஒரு டி-ஷர்ட் ஆர்டர், நேவி ப்ளூ. உடம்புத் துணியும் கழுத்துப் பட்டிக்கான ரிப்பும் தனித்தனி லாட்டாகச் சாயம் ஏறி வந்தன. ரிப் ஒரு அரை ஷேடு சிவப்படித்திருந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் சட்டென்று தெரியாது, வெயிலில் பிடித்தால் தெரியும். முப்பது வருஷம் துணி பார்த்த எங்கள் கட்டிங் மாஸ்டர் ரோலைப் பிரித்த அன்றே பார்த்துவிட்டார். ஆனால் சொல்லவில்லை. மூன்று நாளில் 3,800 பீஸ் தைத்து முடித்து, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் பையரின் க்யூசி (தரம் பார்க்க வருகிறவர்) நிறம் பார்க்கிற லைட் பாக்ஸில் போட்டுப் பார்த்து மொத்தத்தையும் ரிஜெக்ட் செய்துவிட்டுப் போனார். கழுத்தைப் பிரித்து மறுபடி ரிப் வைத்து, கப்பலில் போக வேண்டியதை விமானத்தில் அனுப்பினோம். அந்த ஆர்டரில் லாபம் என்ற பேச்சே இல்லை.

"ஏன் மாஸ்டர் சொல்லலை?" என்று அப்புறம் ஒருநாள் கேட்டேன். "எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க தம்பி. நீங்க இருந்த இருப்புல எப்படிங்க வந்து சொல்றது?" என்றார்.

அந்த இருப்பு என்னவென்றால், அன்று காலை செக்கிங் டேபிளில் ஒரு அம்மாவை பிசிர் சரியாக வெட்டவில்லை என்று எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தேன். மாஸ்டரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சும்மா பக்கத்தில் நின்றிருந்தார், அவ்வளவுதான். பக்கத்தில் நிற்பதே போதும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பள்ளியில் படித்திருப்பீர்கள், பரிவு நரம்பு மண்டலம், எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் என்று. (பரிவு என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் ஆபத்து என்றால் அடி அல்லது ஓடு என்று உடம்பைக் கிளப்பிவிடுவது அதுதான். எதிர்ப்பரிவுதான் ஆளை ஆற்றுவது. பெயரை நம்பிப் பரீட்சையில் மாற்றி எழுதியவன் நான்.) ஹார்வர்டில் இருந்த வால்டர் கேனன் 1915லேயே இந்த அடி-ஓடு விஷயத்தை எழுதிவிட்டார். நமக்கு வேண்டியது அதன் நேரக் கணக்கு. யாராவது கத்தினால் அட்ரினலின் சில நொடிகளில் வேலையைத் தொடங்கிவிடும், ஆனால் கார்டிசால் என்கிற இன்னொரு பதற்ற ஹார்மோன் மெதுவாக ஏறி உச்சத்துக்குப் போகவே இருபது முப்பது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப்பகுதி, அதாவது நான்கு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு யோசிக்கிற பகுதி, மந்தமாகிவிடும். அதாவது நான் 8.45க்குக் கத்திவிட்டு 8.50க்கு "இதை எப்படிச் சரி பண்ணலாம், சொல்லுங்க" என்று கேட்டால், அப்போது யோசிக்கவே முடியாத ஆட்களிடம் யோசனை கேட்கிறேன் என்று அர்த்தம். அவர்கள் மௌனமாக நிற்பதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வரும். ரொம்ப நாள் இப்படித்தான் ஓடியது.

எல்லாரும் சண்டைக்கு வர மாட்டார்கள், ஓடவும் மாட்டார்கள், பாதிப் பேர் உறைந்துவிடுவார்கள். நம் ஊரில் அதற்கு ஒரு சத்தம் உண்டு, "சரிங்க சார்". என்ன சொன்னாலும் சரிங்க சார் என்று ஒரே குரலில் பதில் வந்தால், அந்த ஆள் நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை, நீங்கள் அங்கிருந்து எப்போது போவீர்கள் என்று காத்திருக்கிறார்.

இது வார்த்தையால் நடப்பதில்லை என்று எனக்குக் காட்டியவர்கள் ஒடிசாவிலிருந்து வந்திருந்த பெண்கள். அப்போது அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் கடுகடுவென்று லைனுக்குள் நுழைந்தால் ஓவர்லாக் மெஷின்களின் சத்தம் மாறும். ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது விட்டுவிட்டு ஓடும், தயங்கித் தயங்கி. என் நடையை, கழுத்தை, கையில் போனைப் பிடித்திருக்கிற விதத்தைப் பார்த்தே அவர்களின் கை தடுமாறியது. அன்றைக்கு அந்த லைனில் ஆல்ட்டர், அதாவது பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டிய பீஸ், அதிகம் வரும், நான் அதற்கும் கத்துவேன்.

சரி, என்ன மாற்றினேன் என்று கேட்டால், பெரும்பாலும் என்னைத்தான். பையருக்காக எங்களிடம் வேலை வாங்குகிற பையிங் ஆஃபீஸின் போனை வைத்த கையோடு லைனுக்குள் போவதை நிறுத்தினேன். குடோனைச் சுற்றி ஒரு நடை, மூச்சை நிதானமாக, இழுப்பதைவிட விடுவதை நீளமாக. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மணிக்கட்டில் விரலை வைத்துப் பாருங்கள், மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும், மூளையிலிருந்து இதயத்துக்குப் போகிற வேகஸ் நரம்பு செய்கிற வேலை அது. ஆபத்தா பாதுகாப்பா என்பதைப் பொறுத்து உடம்பு மாறுவதை வேகஸை வைத்து விளக்கி 1994ல் ஸ்டீபன் போர்ஜஸ் என்பவர் சொன்ன பாலிவேகல் கோட்பாட்டைத்தான் இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் எல்லாரும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உடலியல் ஆட்களில் பலர் அதை ஒத்துக்கொள்வதில்லை. அது சரியோ தப்போ, குடோனைச் சுற்றி வந்தால் என் குரல் இறங்குகிறது, எனக்கு அது போதும்.

காலை மீட்டிங்கை முதலாளி அறையிலிருந்து கட்டிங் டேபிளுக்கு மாற்றினேன். அந்த அறையில் ஏசி, சோபா, சாமி படம் எல்லாம் இருந்தாலும், அங்கே கூப்பிட்டாலே திட்டத்தான் என்று எல்லாருக்கும் பழகியிருந்தது. கட்டிங் டேபிள் அவர்கள் இடம். பேசுகிற வரிசையையும் திருப்பிப்போட்டேன், முதலில் செக்கிங், அப்புறம் தையல், கடைசியில்தான் நான். இந்த யோசனை என் தங்கையிடமிருந்து வந்தது. அவள் கோவையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். 2008ல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த ஒரு செக்லிஸ்ட் உண்டாம், கத்தி வைப்பதற்கு முன்னால் அங்கே இருக்கிற எல்லாரும் தன் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு வரி. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் செய்து பார்த்ததில் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது என்று 2009ல் வெளியிட்டார்கள். அந்தப் பெயர் சொல்கிற வரியால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது, பட்டியலில் நிறைய இருக்கிறது. ஆனால் "ஒரு தடவை வாயைத் திறந்தவங்களுக்கு ரெண்டாவது தடவை திறக்கறது ஈசிண்ணா" என்றாள். என் செக்கிங் அம்மாக்கள் விஷயத்தில் அது அப்படியே நடந்தது.

இன்னொன்று, "சாயங்காலம் என்னை வந்து பாரு" என்று சொல்வதை விட்டேன். லீவு ஃபார்மில் கையெழுத்து வாங்கத்தான் கூப்பிட்டிருப்பேன், அந்தப் பையன் நாள் முழுக்க வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருப்பான். விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட ஐந்து நொடிதான் ஆகும்.

இதெல்லாம் செய்து முதல் இரண்டு மாதத்தில் என்ன ஆனது தெரியுமா, ரிப்போர்ட்டில் தப்பு கூடியது. முதலாளி கூப்பிட்டு, "ஏப்பா, நீ நல்லா பேசப் பேச தப்பு ஜாஸ்தி ஆகுதே" என்றார். எனக்கும் பதில் இல்லை, கொஞ்சம் பயந்தேன். அப்புறம்தான் எமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றிப் படித்தேன். 1990களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பார்க்கப் போனவர். நல்ல டீம்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் கணக்கு தலைகீழாக வந்தது, நன்றாக நடத்தப்பட்ட வார்டுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறை மறைக்கவில்லை, அவ்வளவுதான். எங்களிடமும் அதுவே. முன்பு ஃபைனலில் பையர் கண்டுபிடித்தது இப்போது கட்டிங்கிலேயே வெளிவந்தது. கட்டிங்கில் பிடித்த தப்புக்கு ஆகிற செலவு ஒரு டீ செலவு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்திலேயே ஒரு யூனிட்டில் ஆள் வைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள், அதே வாரம் மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட்டையும் ஏற்றினார்கள். சனிக்கிழமை சம்பளத்தில் பிடித்தம் வருமோ என்று பயந்துகொண்டிருக்கிற உடம்புக்கு மூச்சுப் பயிற்சி என்ன செய்யும்? பயத்துக்கு உண்மையான காரணம் இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும். நான் மேனேஜராகச் செய்ததிலேயே அதிகம் பலன் கொடுத்தது மூச்சும் இல்லை மீட்டிங்கும் இல்லை, தன் தப்பைத் தானே வந்து சொன்னால் பிடித்தம் கிடையாது என்று முதலாளியிடம் ஒப்புதல் வாங்கியதுதான். அதற்கே நான்கு மாதம் ஆனது.

கத்தவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. அயர்னிங்கில் ஒருமுறை வயர் புகைந்தபோது "மெயினை ஆஃப் பண்ணு" என்று தொண்டை கிழியக் கத்தினேன், அதற்குத்தான் அந்தக் குரல் இருக்கிறது. தினமும் கத்துகிறவன் அன்று கத்தினால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்கள் எட்டுப் பேர் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மீட்டிங்கில் "ஏன் யாரும் பேச மாட்டேங்கறீங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அதுவும் ஒரு மிரட்டல்தான். சாப்பாட்டுக்கு முன்னால், பசி நேரத்தில் மீட்டிங் வைக்காதீர்கள். உங்கள் தப்பு ஒன்றை முதலில் சொல்லுங்கள், சின்னதாக, நடித்தது மாதிரி இல்லாமல். யாராவது ஒருவர் ஒரு கெட்ட செய்தியைக் கொண்டுவருவார், அந்த ஐந்து நொடியில் உங்கள் முகம் என்ன செய்கிறது என்பதைத்தான் மற்ற ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் தோற்றால் மறுபடி முதலிலிருந்து. நான் நிறையத் தடவை தோற்றிருக்கிறேன், போன தீபாவளி போனஸ் சமயத்தில்கூட.

அந்த ஒடிசாப் பெண்களில் பாதிப் பேர் இப்போது கொங்குத் தமிழில் என்னையே கிண்டல் செய்கிறார்கள். ஆனாலும் லைனுக்குள் நுழையும்போது நான் முதலில் கேட்பது ஓவர்லாக் சத்தத்தைத்தான். ஷிப்மென்ட் வாரத்தில் இன்னும் கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.