பேரவைக் குழு கூப்பிட்டால்…

கேள்வி: புதுச்சேரியில் வாய்க்கால், சாலை வேலைகளை காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். பழைய வேலை ஒன்றின் ஒப்பந்தப் பத்திரம், பில் நகல்களோடு நேரில் வரச் சொல்லி சட்டப்பேரவைக் குழுவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. “அது என்ன கோர்ட்டா, போகாதீங்க” என்கிறான் மச்சான். போகாவிட்டால் என்ன ஆகும்?
– பெயர் வேண்டாம், லாஸ்பேட்டை

பதில்: கோர்ட் இல்லைதான். ஆனால் மச்சான் பேச்சைக் கேட்டுவிடாதீர்கள். 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டப்படி, மக்களவைக்கும் அதன் குழுக்களுக்கும் உள்ள அதிகாரம் புதுச்சேரி பேரவைக்கும் உண்டு. ஆளையும் ஆவணத்தையும் வரவழைப்பது அதில் ஒன்று. வராதவர் மீது, அவையின் உரிமையை மீறினார் என்று உரிமை மீறல் பிரச்சினை கொண்டுவந்தால் கண்டிக்கலாம், சிறைக்கும் அனுப்பலாம். 1987-இல் ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியருக்குத் தமிழக சட்டப்பேரவை மூன்று மாதம் சிறை விதித்தது நினைவிருக்கிறதா? எதிர்ப்பு கிளம்பி, சில நாளில் விட்டுவிட்டார்கள். அது வேறு வகை வழக்கு. அவையின் கை எவ்வளவு நீளும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் மச்சானின் வாதத்தோடு ஃபேஸ்புக்கின் இந்திய அதிகாரி ஒருவரே உச்ச நீதிமன்றம் வரை போனார். டெல்லி பேரவைக் குழு அவரை அழைத்திருந்தது. உறுப்பினர் அல்லாதவரையும் அழைக்கலாம் என்று 2021-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் போலீஸும் சட்டம் ஒழுங்கும் டெல்லி பேரவையின் கையில் இல்லை. அதனால் அதைப் பற்றிய கேள்விக்கு அவர் பதில் சொல்ல மறுக்கலாம் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். போய் உட்கார்ந்துவிட்டு மறுப்பது வேறு, போகாமலே இருப்பது வேறு.

கேட்ட காகிதம் சம்பந்தமில்லாதது என்று தோன்றினால் எழுதிக் கொடுங்கள். சபாநாயகர் முடிவே இறுதி. பொய் மட்டும் வேண்டாம். உள்ளே பேசியதை டீக்கடையில் அவிழ்க்கவும் வேண்டாம், அறிக்கை அவையில் வைக்கப்படும்வரை அது ரகசியம்.

வக்கீல்? அனுமதி வாங்கினால்தான். நான் மஞ்சக்குப்பத்தில் தொழில் தொடங்கிய புதிதில், அனுமதி கேட்காமல் ஒரு ரைஸ் மில்காரருடன் கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கறுப்பு கோட்டோடு எதிரே பாரதி பூங்காவில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். அரை மணியில் திரும்பியவர், “ரெண்டே கேள்விதான் சார், டீ கூடக் கொடுத்தாங்க” என்றார். ஃபீஸ் கேட்க வாய் வரவில்லை.

மச்சானையும் கூட்டிப் போங்கள். பூங்காவில் உட்காரட்டும்.